கருவி கத்தினால் யாருக்குக் கேட்கும்?

1980-களின் இயற்பியல் ஆய்வகத்தில் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், விரல் தடிமனுள்ள ஒரு கேபிள் கருவிக்குக் கருவி தாவிப் போய்க்கொண்டிருக்கும். 24 பின் கொண்ட கனெக்டர். ஒன்றின் முதுகில் இன்னொன்றைச் சொருகித் திருகை இறுக்கிவிடலாம். ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் தன் கருவிகளுக்காக உருவாக்கிய இந்த இணைப்பு 1975-இல் ஐ.இ.இ.இ. 488 என்ற பொதுத் தரமானது. ஆய்வகத்துக்காரர்கள் வாயில் அது ஜி.பி.ஐ.பி. இப்படிக் கோத்த கேபிள் தொடருக்கு பஸ் என்று பெயர். ஒரு பஸ்ஸில் கணினியையும் சேர்த்து 15 கருவிகள் வரை இணைக்கலாம். கேபிளின் மொத்த நீளம் 20 மீட்டரைத் தாண்டக்கூடாது. மல்டிமீட்டர், லாக்-இன் ஆம்ப்ளிஃபயர், காந்தத்துக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை, வெப்பநிலைக் கன்ட்ரோலர் எல்லாம் அந்த 20 மீட்டருக்குள், ஒரே கணினியின் பிடியில் இருந்தன.

கட்டளை போடுவது, பதிலை வாங்குவது, ஃபிளாப்பியில் எழுதிவைப்பது எல்லாமே அந்த ஒரு கணினியில் ஓடும் ஒரு நிரலின் வேலை. ஆகவே எந்தச் செய்தி எங்கே போக வேண்டும் என்ற கேள்வியே எழவில்லை. கேட்டவரும் ஒருவர், பதில் வாங்குபவரும் அவரே.

கருவி தானாக ஒன்றைச் சொல்ல விரும்பினால் அதற்கென்று பஸ்ஸில் ஒரு கம்பி இருந்தது. சர்வீஸ் ரிக்வெஸ்ட் என்று பெயர். எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து ஒரே கம்பிதான். எது அதை இழுத்தாலும் கணினிக்குத் தெரிவது யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும். யாரென்று அறிய, ஒவ்வொரு கருவியாக விசாரித்து எட்டு பிட் நிலைத் தகவலை வாங்கிப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர்கள் பேசிக் மொழியில் எழுதிய நிரல்களில் பல இந்தக் கம்பியைச் சட்டை செய்ததே இல்லை. வோல்டேஜை ஏற்று, கொஞ்சம் பொறு, மீட்டரைப் படி, எழுது, மறுபடி ஏற்று, அவ்வளவுதான். நடுவில் பவர் சப்ளை தன் எல்லையை எட்டி நின்றுபோயிருந்தால் அதன் முன்பலகையில் ஒரு சின்ன விளக்கு எரியும். நிரல் அதைப் பார்க்காது. மனிதர் பார்த்தால் உண்டு. பார்க்காவிட்டால் மறுநாள் வரைபடத்தில் பாதிக்கு மேல் கோடு படுத்துக் கிடக்கும்.

1987-இல் வந்த 488.2 தரமும், 1990-இல் வந்த ஸ்கிப்பி என்ற பொதுக் கட்டளை மொழியும் இந்த நிலைமையைப் பெருமளவு சீராக்கின. கருவி தன் பிழைகளை உள்ளேயே ஒரு வரிசையில் சேர்த்துவைக்கும். 'சிஸ்டம் எரர்?' என்று கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லும். −113 என்றால் நீ சொன்ன கட்டளை எனக்குத் தெரியாது என்று அர்த்தம். −420 என்றால் கேள்வியே கேட்காமல் பதிலுக்குக் கைநீட்டுகிறாய். 0 என்றால் பிழை ஏதுமில்லை. எந்தக் கம்பெனிக் கருவியானாலும் எண்கள் இவைதாம். அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியின் கையேட்டையும் தனித்தனியே புரட்டிய தலைமுறைக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு சங்கதி உண்டு. பிழையைப் படித்தால் அது வரிசையிலிருந்து போய்விடும். கருவி தனக்கு நடந்தவற்றைக் குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவேடும் அப்படித்தான்: படித்த கணமே பூஜ்யமாகிவிடும். கேட்பவர் ஒருவரே என்றிருந்த காலத்தில் இது நியாயமான வடிவமைப்பு. கேட்பவர் இருவரானதும் நிலைமை, கூட்டுக் குடும்பத்துக்கு வந்த தந்தியை வாசலில் ஒருவர் வாங்கிப் படித்துக் கிழித்துப் போட்ட கதையாகிவிட்டது. மற்றவர்களுக்குத் தந்தி வந்ததே தெரியாது.

கேட்பவர்கள் பெருகியதும் உண்மை. 1995-இல் வந்த வி.எக்ஸ்.ஐ.-11 நெறிமுறையும், பத்தாண்டு கழித்து வந்த எல்.எக்ஸ்.ஐ. தரமும் கருவிகளை ஈதர்நெட்டில் ஏற்றிவிட்டன. 20 மீட்டர் எல்லை போயிற்று. மாணவி விடுதி அறையிலிருந்து பார்க்கலாம், பேராசிரியர் வீட்டிலிருந்து பார்க்கலாம், பதிவெடுக்கும் நிரல் ஒரு பக்கம் இரவு பகலாக ஓடலாம். மூவரும் ஒரே கருவியிடம் பேசும்போது ஒருவருடைய தவறான கட்டளைக்கு விழுந்த பிழையை இன்னொருவருடைய நிரல் எடுத்துக்கொள்ளும். தவறு செய்தவருக்கு 'பிழை ஏதுமில்லை' என்று பதில் வரும். தவறே செய்யாதவருடைய நிரல் திடீரென்று நின்றுபோகும். இந்த மாதிரிக் கோளாறைத் தேடிக் கண்டுபிடிப்பதைப் போல அலுப்பான வேலை ஆய்வகத்தில் வேறில்லை, ஏனென்றால் தனித்தனியாகச் சோதித்தால் இரண்டு நிரல்களும் ஒழுங்காகவே ஓடும்.

இன்னொரு குறை நேரம். ஸ்கிப்பி பிழையில் எண்ணும் விளக்கமும் இருக்கும்; எத்தனை மணிக்கு நடந்தது என்பதை அந்தத் தரம் கேட்பதில்லை. காலையில் வரும் மாணவர் டெக்னீஷியனிடம், "அண்ணா, இந்த எரர் இப்ப வந்ததா, நேத்து ராத்திரியே வந்ததா?" என்று கேட்பார். "நான் என்னப்பா கண்டேன், லாக் புக்குல யாராவது எழுதியிருக்காங்களா பாரு" என்பதுதான் பதில். எழுதியிருக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் மாற்று, கருவிக்கும் ஆட்களுக்கும் நடுவே ஒரு சர்வரை உட்காரவைப்பது. கருவியோடு பேசும் உரிமை அதற்கு மட்டும்தான். மற்றவர்கள் அதனிடம் சொல்ல வேண்டும். அது வரிசைப்படுத்திக் கருவியிடம் கேட்கும். பிழை வரிசையைக் காலிசெய்வதும் அதுவே. படித்ததை நேரம் போட்டு வைத்துக்கொண்டு உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதுவே. இந்த யோசனை சின்ன ஆய்வகங்களுக்கு முன்பே துகள்முடுக்கிக்காரர்களுக்கு வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான காந்தங்களையும் வெற்றிட பம்புகளையும் ஒரே அறையிலிருந்து ஓட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ், ஆர்கான் ஆய்வகங்கள் கைகோத்து உருவாக்கிய எபிக்ஸ் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் இன்று பிரான்சில் எழும் ஐட்டர் அணு இணைவு உலை வரை போயிருக்கிறது. கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையத்திலும் இருக்கிறது. பிரெஞ்சு நகரமான கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் ஆய்வகத்தில் பிறந்த டாங்கோ இன்னொரு பெரிய குடும்பம். புனே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களோடு நிற்கும் ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியை மேம்படுத்தியபோது அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை டாங்கோவின் மீதுதான் கட்டினார்கள்.

எபிக்ஸில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர் உண்டு. பம்பின் அழுத்தம் ஒரு பெயர், வால்வின் நிலை ஒரு பெயர். அழுத்தத்தைப் பார்க்க விரும்பும் திரை, இந்தப் பெயர் யாரிடம் இருக்கிறது என்று வலைப்பின்னல் முழுக்கக் குரல் கொடுக்கும். வைத்திருக்கும் சர்வர் கை தூக்கும். பிறகு இருவரும் தனியே பேசிக்கொள்வார்கள். நடுவில் பதிவாளர் என்று யாரும் இல்லை. (டாங்கோவில் உண்டு: பெயர்களெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். அது படுத்தால் புதிதாக யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. எபிக்ஸ்காரர்கள் இதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை.) எபிக்ஸில் திரை ஒரு பெயருக்குச் சந்தா கட்டியவுடன் இப்போதைய மதிப்பு வந்துவிடும், அதன்பின் குறித்த அளவுக்கு மேல் மாறினால் மட்டுமே செய்தி வரும். ஒவ்வொரு செய்தியோடும் நேரமும், எச்சரிக்கையின் தீவிரமும் ஒட்டிக்கொண்டே வரும். தீவிரத்தில் நான்கு படி: சரி, சிறியது, பெரியது, நம்ப முடியாதது. நான்காவது படியை யோசித்து வைத்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு போடலாம். அழுத்தம் அபாயகரமாக இருக்கிறது என்பதும், அழுத்தம் என்னவென்றே தெரியவில்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். பழைய நிரல்களில் பல இரண்டாவதற்கு 0 என்று எழுதிவிட்டுப் போய்விடும்.

செய்திகள் வேகமாக வந்து, கேட்பவர் மெதுவாக இருந்தால் என்ன செய்வது? ஸ்கிப்பி கருவியின் பிழை வரிசை நிரம்பிவிட்டால் பழைய பிழைகள் அப்படியே இருக்கும். கடைசி இடத்தில் −350, அதாவது 'வரிசை வழிந்துவிட்டது' என்ற குறிப்பு ஏறும். அதற்குப் பின் வருபவை தொலையும். எபிக்ஸ் சர்வர் மதிப்புகளை அனுப்பும்போது நேர்மாறாக நடந்துகொள்கிறது: இடமில்லாவிட்டால் கடைசியாக நிற்கும் மதிப்பின் மேலேயே புதியதை எழுதிவிடும். இடையில் வந்த சில மதிப்புகள் போகும். இறுதி மதிப்பு தப்பாது. இரண்டுமே சரி. வெப்பநிலையைப் பொறுத்தவரை இப்போது என்ன என்பதே முக்கியம். பிழை விஷயத்தில் முதலில் என்ன நடந்தது என்பதே முக்கியம். தண்ணீர் நின்றது, பம்ப் சூடானது, வெற்றிடம் போனது, டிடெக்டர் அணைந்தது என்று பின்னால் வரும் பத்துப் புகார்களும் முதல் ஒன்றின் பிள்ளைகள். இந்த வேறுபாடு புரியாமல் எல்லாச் செய்தியையும் ஒரே குழாயில் விடும் சர்வர்கள் இன்றும் எழுதப்படுகின்றன. புதிதாக எழுதுபவர்கள் அழகான திரையில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

பிழை எங்கே கிளம்பி எந்த வழியாக வந்தது என்பதையும் இன்றைய சர்வர்கள் சொல்கின்றன. டாங்கோவில் ஒரு பிழை மேலே ஏறும்போது ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்குக் காரணம், விளக்கம், கிளம்பிய இடம், தீவிரம் என்று ஒரு குறிப்பை மேலே வைத்து அனுப்பும். மோட்டார் நகரவில்லை என்பதோடு, அதற்குக் கீழே கன்ட்ரோலர் பதில் தரவில்லை என்பதும், அதற்கும் கீழே சீரியல் போர்ட் திறக்கவில்லை என்பதும் அடுக்காக வந்து நிற்கும். அன்றைய நிரல்கள் தந்ததெல்லாம் 'டைம்அவுட்' என்ற ஒற்றைச் சொல். அந்தச் சொல் இன்றும் ஓய்வு பெறவில்லை, ஆட்களையும் ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. டாங்கோவில் வழக்கமான காத்திருப்பு 3 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கட்டளை நிறைவேறவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். மோட்டார் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கலாம். இன்னொரு முறை அழுத்தினால் இரு மடங்கு நகரக்கூடும்.

மௌனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2003 ஆகஸ்ட் 14 அன்று ஓஹையோ மாநில மின் நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் பிற்பகல் 2.14 மணிக்கு உறைந்துபோனது. திரைகள் எரிந்துகொண்டிருந்தன. எச்சரிக்கை எதுவும் வராததால் எல்லாம் நன்றாக இருப்பதாக ஆபரேட்டர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நம்பினார்கள். நான்கு மணிக்குச் சற்றுப் பின் அமெரிக்கா, கனடாவில் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். ஆய்வகத்தில் அந்த அளவுக்கு எதுவும் போகாது; ஒரு கிரையோஸ்டாட்டின் ஹீலியம் போகும், ஆறு மாத வேலை போகும். எபிக்ஸ் சர்வர்கள் வேலையில்லாவிட்டாலும் 15 விநாடிக்கு ஒருமுறை நான் இருக்கிறேன் என்று அறிவிப்பது இப்படிப்பட்ட மௌனத்தைக் காட்டிக்கொடுக்கத்தான். 30 விநாடி சத்தமே இல்லையென்றால் எதிர்முனை சந்தேகப்பட்டு விசாரிக்கும். அதற்கும் பதில் இல்லாவிட்டால் தொடர்பு அறுந்ததாகக் கொள்ளும். பழைய திரைகளில் அந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடும். கடைசியாகத் தெரிந்த எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்காது.

ஜி.பி.ஐ.பி. காலத்தில் பிழை யாருக்கும் கேட்கவில்லை என்றால், இன்று எல்லாருக்கும் கேட்கிறது என்பதே குறை. கூட்டம் கூட்டமாக வரும் அலாரங்கள் என்ன செய்யும் என்பதற்குப் பழைய சாட்சி 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்து. முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட அலாரங்கள் அலறின. அவற்றை அச்சிட்ட பிரிண்டர் மணிக்கணக்கில் பின்தங்கியது. இன்றைக்கு பிரிண்டருக்குப் பதில் டெலிகிராம் குழு. ஹீலியம் அளவு, கதவு திறப்பு, டிஸ்க் நிரம்பியது, யாரோ சோதனைக்கு அனுப்பிய 'டெஸ்ட் டெஸ்ட்' எல்லாம் ஒரே இடத்தில் கொட்டும். குழுவில் பாதிப் பேர் அறிவிப்பை மியூட் செய்திருப்பார்கள். மீதிப் பேர் யாராவது பார்த்திருப்பார்கள் என்று போனைக் கவிழ்த்து வைப்பார்கள்.

நல்ல அலாரம் சர்வர்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. எச்சரிக்கை தானாகச் சரியாகிவிட்டாலும், ஒருவர் 'பார்த்துவிட்டேன்' என்று ஒப்புக்கொள்ளும் வரை அது திரையை விட்டுப் போகாதபடி அமைக்கலாம். எபிக்ஸ்காரர்கள் பயன்படுத்தும் ஃபீபஸ் என்ற தொகுப்பில் அலாரச் செய்திகள் காஃப்கா என்ற செய்தி கடத்தும் மென்பொருள் வழியாக ஓடுகின்றன. நள்ளிரவில் புதிதாகத் திரையைத் திறப்பவருக்கும் அப்போது எவை எவை எச்சரிக்கையில் நிற்கின்றன என்ற முழு நிலவரம் கிடைத்துவிடும். ஒவ்வொரு அலாரத்தோடும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கவும் இடமுண்டு. நிரப்புவார் இல்லாமல் வெறுமையாகக் கிடப்பதும் அந்த இடம்தான்.

கட்டுப்பாட்டு மென்பொருளை வாங்கப்போகிறவர்களும், எழுதித்தர யாரையாவது அமர்த்தப்போகிறவர்களும் செயல்விளக்கத்தின்போது ஒன்று செய்யுங்கள். அவர்கள் வரைபடங்களைக் காட்டிக்கொண்டிருக்கும்போது எழுந்துபோய்க் கருவியின் கேபிளைப் பிடுங்குங்கள். திரை அதை எத்தனை விநாடியில் சொல்கிறது, யாருக்கெல்லாம் சொல்கிறது, திரும்பச் சொருகிய பிறகு நடந்ததற்கு நேரத்தோடு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நின்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.