பாலை நிறுக்கிறோம், பசுவை நிறுக்கிறோமா?

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் எவரும் எடை பாராமல் நூல் வாங்குவதில்லை. கொடுத்த பட்டு இத்தனை கிராம், சரிகை இத்தனை கிராம் என்று சங்கத்துப் பேரேட்டில் ஏறுகிறது. நெய்து கொண்டுவந்த சேலை மறுபடியும் தராசில் ஏறுகிறது. பட்டு ஈரத்தை உறிஞ்சும் பொருளாதலால், உலர்ந்த எடையோடு 100-க்கு 11 பங்கு ஈரம் சேர்த்துக் கணக்கிடுவது உலக வியாபார வழக்கம். மழைக்காலத்து நூல் கனக்கும் என்பதை நம் நெசவாளருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பால் உற்பத்தியாளர் சங்கங்களிலும் நிலைமை இதுவே. முன்பு லிட்டர்ப் படியால் அளந்த பாலை இன்று பல சங்கங்களில் மின்னணுத் தராசு நிறுக்கிறது. கொழுப்புச் சத்தும் இதரச் சத்தும் சோதிக்கப்பட்டே விலை கணக்கிடப்படுகிறது. 50 கிராம் குறைந்தாலும் அங்கத்தினர் கேள்வி கேட்கிறார், கேட்பது நியாயமே. ஆனால் அந்தப் பாலைக் கறக்கும் பசுவின் எடை என்ன என்று அவரைக் கேட்டால், "நல்ல உடம்புதான்" என்பார். அல்லது, "கொஞ்சம் இளைத்திருக்கிறது" என்பார். கடன் வாங்கிக் கட்டிய முதலீடு முழுவதும் கொட்டிலில் நான்கு கால்களின்மேல் நிற்கிறது. அதன் அளவு மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

சந்தைக்குப் போனால் இந்த அறியாமைக்கு விலை உண்டு. தரகர் துண்டைப் போர்த்தி, அதற்குள் கைவிட்டு, விரல் பிடித்துப் பேசும் முறை நம் மாட்டுச் சந்தைகளில் நெடுங்காலமாக இருந்து வருவது. பல நூறு மாடுகளைப் பார்த்துப் பழகிய வியாபாரியின் கண், தராசுக்கு மிக அருகில் மதிப்பிடும். விற்பவரோ ஆயுளில் பத்து மாடுகள் விற்றிருப்பார். இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் யார் மடியில் விழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1887-லேயே, மாட்டுச் சந்தை நடத்துவோர் அங்கே எடைபோடும் வசதி வைத்திருக்க வேண்டுமென்று பார்லிமெண்டு சட்டம் செய்தது. எடைப்படிதான் விற்கவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. விரும்பியவன் நிறுத்துப் பார்க்க வழியிருக்கவேண்டும் என்ற அளவிலே நின்றது. அந்த அளவே போதுமானது என்பது என் கருத்து.

புள்ளலூர் வட்டாரத்தில் மாட்டின் வலிமையைப் பற்றிப் பேசுவதற்குச் சரித்திரமே இடம் தருகிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்ததும் இவ்வூரையடுத்த வெளியில்தான். மன்றோவின் பெரும்படை காஞ்சிபுரத்தில் இருந்தும் உரிய வேளையில் வந்து சேரவில்லை. அக்காலத்தில் பீரங்கியும் அரிசியும் மாடு இழுத்த அளவே நகர்ந்தன. மைசூர்ப் படையின் வேகத்துக்கு அமிர்தமகால் மாடுகள் பெருங்காரணம் என்பதைப் பிற்காலத்தில் ஆங்கிலேயரே ஒப்புக்கொண்டனர். மாடு தன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இழுவிசையை நாள் முழுவதும் தரும் என்பது பொதுக் கணக்கு. உழவு மாடுகள் இன்று குறைந்துவிட்டன. எடையின் பயன் ஏரிலிருந்து பாலுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

அந்தப் பயன் எங்கே அதிகம் என்று கேட்டால், கறவைப் பசுவைவிடக் கிடேரிக் கன்றிடத்தில்தான் என்பேன். ஜெர்ஸிக் கலப்பினக் கன்று பிறக்கும்போது சுமார் 25 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 225 கிலோவை எட்டும்போது சினைக்கு விடலாம் என்று கொண்டால், இடையில் சேரவேண்டியது 200 கிலோ. நாளொன்றுக்கு 400 கிராம் வளர்ந்தால் 500 நாட்கள். 250 கிராம்தான் வளர்ந்தால் 800 நாட்கள். அதன்மேல் சினைக்காலம் 280 நாட்கள் இருவகைக்கும் பொது. முதல் கிடேரி 26 மாதத்தில் கன்று ஈனும். இரண்டாவது ஏறக்குறைய 36 மாதத்தில். பத்து மாதத் தீவனமும், பத்து மாதப் பாலும் நஷ்டம். கடன் தவணை மட்டும் கன்று ஈனும்வரை காத்திருப்பதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மாதத்தில் ஒரு கன்று 12 கிலோ ஏறுகிறது, மற்றது ஏழரைக் கிலோ ஏறுகிறது. தினமும் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் வளர்கின்றன. மூன்று மாதம் தொடர்ந்து நிறுத்தால்தான் பதின்மூன்றரைக் கிலோ பின்தங்கியது புலனாகும். அப்போதே குடற்புழுவா, தீவனக் குறைவா என்று விசாரிக்கலாம். மூன்று வயதில் விசாரித்துப் பயனில்லை.

குடற்புழு மருந்தும் எடையைப் பொறுத்ததே. ஐவர்மெக்டின் என்னும் மருந்து 1 கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம் வீதம் தரப்படுவது. வழக்கத்திலுள்ள ஊசிமருந்தில் 50 கிலோவுக்கு 1 மில்லி. 300 கிலோ பசுவை 220 கிலோ என்று எண்ணி மருந்து போட்டால், புழுக்களில் வலுத்தவை பிழைத்துப் பெருகும். நாளடைவில் அம்மருந்து அந்தக் கிராமத்துக்கே பலிக்காமல் போகும். எந்த மருந்து, எப்போது, கறவைக் காலத்தில் தகுமா என்பதெல்லாம் கால்நடை மருத்துவர் சொல்லவேண்டியவை. எடையை நாம் சொல்ல முடிந்தால் அவர் வேலை சுலபமாகும். தீவனமும் அப்படியே. 100 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ வரை உலர்தீவனக் கணக்கு என்பர். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதை மறந்து, 10 கிலோ புல் போட்டதும் வயிறு நிறைந்ததாக நினைப்பவர் பலர்.

தராசு இல்லாதவருக்கு நாடா உண்டு. முன்னங்கால்களை ஒட்டி நெஞ்சைச் சுற்றிச் சென்டிமீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, முன்தோள் முனையிலிருந்து வாலடிக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ எடை கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 130 என்றால் விடை 307. சோதனைக்குச் சுற்றளவை 164 என்று மாற்றிப் பாருங்கள். 322 கிலோவைத் தாண்டுகிறது. பசு மூச்சை இழுக்கும்போது அளந்தாலும், நாடாவைத் தளர்த்திப் பிடித்தாலும் நான்கு சென்டிமீட்டர் போய்விடும். மருந்தளவுக்கு இது போதும். கன்றின் மாதாந்தர வளர்ச்சியை அறியப் போதாது.

இனி யந்திரத்துக்கு வருவோம். கால்நடை மருந்தகத்து முற்றத்தில் கம்பம் நட்டு இரும்புக் குழாய்களால் அமைத்த சட்டத்தை யாவரும் பார்த்திருப்பீர்கள்; டிராவிஸ் என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற தேசங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளை நீண்ட இடுக்குப் பாதையில் ஓட்டி, முனையிலுள்ள கூண்டில் ஒவ்வொன்றாய் நிறுத்தி நிறுப்பர். நமக்கு அந்த நீளப் பாதை வேண்டாம். நம் மாடு கயிற்றோடு பழகியது. வளர்த்தவர் முன்னே நடந்தால் பின்னே வரும்.

தராசின் உயிர் லோட் செல் என்ற உலோகத் துண்டு. பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்; மேலே ஒட்டிய மெல்லிய மின்கம்பி இழை நீளும்; நீண்டால் அதன் மின்தடை மாறும்; அந்த மாற்றத்தைக் கருவி எடையாகப் படித்துக் காட்டும். இந்த இழையை 1938-ஐ ஒட்டி அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்னும் இருவர் தனித்தனியே கண்டனர். மாட்டுக் கூண்டுக்கு இத்தகைய செல்களை நான்கு மூலைகளிலோ, இரு நீண்ட உத்திரங்களுக்குள்ளோ அமைப்பர்.

கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. இருக்கிற டிராவிஸுக்குள்ளேயே ஒரு தட்டை வைத்துவிட்டால் செலவு குறையுமே என்று நிர்வாகக் குழுக்களில் தோன்றுவது இயற்கை. ஆனால் அந்தக் கம்பங்கள் சிமெண்டில் ஊன்றியவை. மாடு பக்கவாட்டுக் குழாயில் சாய்ந்தால், சாய்ந்த பாரம் கம்பம் வழியே மண்ணுக்குப் போய்விடும். தராசு குறைத்துக் காட்டும். அதனால், கூண்டு முழுவதும் உத்திரங்களின்மேல் நிற்குமாறு தனியாகச் செய்வதே சரி. அப்போது மாடு எங்கே சாய்ந்தாலும் பாரம் செல்லுக்கே வரும். கூண்டின் எடையைக் கருவியில் கழித்துப் பூஜ்யமாக்கிக் கொள்ளலாம். தளம் தரைமட்டத்துக்குச் சமமாகவும், ரப்பர் விரிப்போடும், மிதித்தால் சத்தமின்றியும் இருக்கட்டும். ஓசை கேட்ட மாடு மறுமாதம் ஏற மறுக்கும். அசையும் மாட்டுக்குச் சில விநாடிகளின் சராசரியைக் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்கவேண்டும். அரிசி மூட்டைக்குரிய தராசு இதற்கு உதவாது. சாணம் விழுந்தால் வாரிவிட்டு, ஒவ்வொரு மாட்டுக்கும் முன் பூஜ்யம் சரிபார்க்கவேண்டும். மின்கம்பியை இரும்புக் குழாய்க்குள் கொண்டுபோகாவிட்டால் எலி விடாது. ஐப்பசி இடிமழையில் இணைப்பைக் கழற்றி வைப்பதும் நன்று.

பட்டு ஈரம் குடிப்பதுபோலப் பசு தண்ணீர் குடிக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியில் 30 லிட்டர் குடித்துவிட்டு வரும் பசு, நேற்றைவிட 30 கிலோ பெருத்ததாகக் கருவி காட்டும், கருவியின்மேல் குற்றமில்லை. ஆகவே காலைக் கறவை முடிந்து, தண்ணீரும் தீவனமும் காட்டுமுன், எப்போதும் ஒரே வேளையில் நிறுக்கவேண்டும். கயிற்றைத் தளர்த்திப் பிடிக்கவேண்டும். மேல்நோக்கி இழுத்த கயிறு எடையைக் குறைக்கும், முதுகில் வைத்த கை கூட்டும். சினைப்பசுவின் எடை ஏறுவதில் கன்றின் பங்கும் உண்டென்பதை நினைவில் வைக்கவேண்டும். கன்று ஈன்றபின் முதல் இரண்டு மாதம் பசு இளைப்பது வழக்கம். அதன்பின்னும் இறங்கிக்கொண்டே போனால் பருவத்துக்கு வருவது தாமதப்படும். நிறைமாதச் சினையைக் கூண்டில் ஏற்றவே வேண்டாம்.

வீட்டுக்கு இரண்டு மாடு வைத்திருப்பவர் தனியே இதை வாங்குவது வீண். நூறு வீட்டார் சேர்ந்தால் செலவு பொறுக்கக்கூடியது. 1904 அக்டோபரில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது இதே காஞ்சிபுரத்தில் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். தனியொருவரால் ஆகாததைச் சேர்ந்து செய்வது இங்கே புதிய உபதேசமன்று. சங்கத்துப் பொது நன்மை நிதியில் எடுக்கலாமா, தனி வசூல் வேண்டுமா என்பதை உபவிதிகளைப் பார்த்துப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும். விலைப்புள்ளி கேட்கும்போது கருவியின் விலையோடு பழுதுபார்க்கும் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்பதையும் எழுதி வாங்கவேண்டும். ஒரு செல் கெட்டு ஆறு மாதம் சும்மா கிடக்கும் தராசைவிட நாடாவே மேல்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததே. பசுவின் எடையை நாலு பேர் முன்னால் சொன்னால் கண் படும் என்று அஞ்சும் வீடுகள் உண்டு. அதைப் பரிகசிப்பதில் லாபமில்லை. எண்ணை உரக்கச் சொல்லாமல், பாஸ் புத்தகத்தில் எழுதி உரியவர் கையில் கொடுத்தால் போகிறது. உரியவர் என்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்மணி. சங்கத்தில் பெயர் கணவனுடையதாக இருந்தாலும், தீவனம் போடுவதும் கறப்பதும் அவரே. எடையைக் கணவனிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் அது கொட்டில்வரை போய்ச்சேருமா என்பது சந்தேகம். காதில் 12 இலக்கத் தோடு போட்ட மாடுகளுக்கு அந்த எண்ணையே பதிவேட்டிலும் எழுதினால், மாடு கைமாறினாலும் கணக்கு தொடரும்.

நோயுள்ள மாட்டைக் கூண்டருகே கொண்டுவரலாகாது. கோமாரியோ, 2022-இல் நாடெங்கும் பரவிய பெரியம்மை போன்ற தோல்கட்டி நோயோ தலைகாட்டும் மாதத்தில் எடைநாளை நிறுத்திவைத்து, அடுத்த முறை தளத்தைக் கிருமிநாசினியால் கழுவிய பின்பே தொடங்கவேண்டும்.

முத்திரை விஷயம் ஒன்று. 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் விதிகளின்படி, வியாபாரத்துக்கு உபயோகிக்கும் மின்னணுத் தராசு ஆண்டுக்கொருமுறை சோதித்து முத்திரையிடப்படவேண்டும். கன்று வளர்ச்சியைப் பார்க்கத்தானே என்று வாங்கிய தராசில் நாளை ஒருவர் மாடு விற்பார். முதலிலிருந்தே முத்திரையோடு வைத்திருப்பது நலம். இடையில் சங்கமே சோதித்துக்கொள்ள 20 கிலோ முத்திரைக் கல் ஒன்று போதும். எடைநாள் காலையில் அதைத் தளத்தின் நான்கு மூலைகளிலும் மாறி மாறி வைத்துப் பார்த்து, நான்கு எண்களையும் பதிவேட்டின் தலைப்பில் எழுதிக் காரியதரிசி கையொப்பமிடவேண்டும். ஒரு மூலை மட்டும் குறைத்துக் காட்டினால் அந்தக் காலடியில் கல்லோ, உலர்ந்த சாணமோ சிக்கியிருக்கிறதா என்று முதலில் குனிந்து பார்க்கவேண்டும். அதுவும் இல்லையென்றால், அன்று எந்த மாட்டையும் ஏற்றாமல் பழுதுபார்ப்பவருக்குச் சொல்லியனுப்பவேண்டும்.