‘கிளட்சை மெதுவா விடும்மா!’ - மகள் கார் பழகிய நாள்கள்

காலை ஆறு மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால், மேலே பெரிய ‘எல்’ போர்டு மாட்டிய வெள்ளை கார். மகள் பின்னலைக்கூட முடிக்காமல் ஓடினாள். மாமியார் திண்ணையில் உட்கார்ந்தபடியே, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி காரு? ஸ்கூட்டி போதாதா?” என்றார். “அப்பாயி, ஒங்கள ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டியிலயா கூட்டிட்டுப் போறது?” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள். போன ஐப்பசி மழையில், நடுராத்திரியில் மாமியாருக்கு மூச்சுத் திணறியபோது வாடகை கார் கிடைக்காமல் முக்கால் மணி நேரம் தவித்தது எல்லோருக்கும் நினைவு வந்தது. வீட்டில் கார் நின்றது. ஓட்டத் தெரிந்த ஒரே ஆள், என் கணவர், அன்று வெளியூரில். அந்த ராத்திரிதான் இந்த டிரைவிங் கிளாஸுக்குக் காரணம்.

நாங்கள் இருப்பது போலகம். காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவில், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய ஊர். வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு. பிள்ளையின் கையில் இருப்பது புதுச்சேரி எல்.எல்.ஆர். ஆயிற்றே, அதை வைத்துக்கொண்டு நாகூர் பக்கம் ஓட்டலாமா என்று எங்கள் தெருவில் பெரிய விவாதமே நடந்தது. ஓட்டலாம். பழகுநர் உரிமமோ ஓட்டுநர் உரிமமோ, இந்தியாவில் எங்கே வாங்கினாலும் நாடு முழுக்கச் செல்லும். பி.ஒய். 02 வண்டியா, டி.என். 51 வண்டியா என்பதும் இதில் பிரச்னை இல்லை.

எல்.எல்.ஆர். எடுப்பது பெரிய வேலையில்லை. கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் சாலைச் சின்னங்கள், விதிகள் பற்றிக் கேள்வி கேட்பார்கள், 60 சதவிகிதம் சரியாக இருந்தால் போதும். ஆறு மாதம் செல்லுபடியாகும். 30 நாள் கழிந்த பிறகுதான் நிரந்தர உரிமத்துக்கான தேர்வுக்குப் போக முடியும். பல பெற்றோர் இந்த 30 நாளை வெறும் காத்திருப்பாக நினைக்கிறார்கள். பிள்ளை நிஜமாகப் பழகுவது அதற்குள்தான்.

முதல் நாள் என்ன நடக்கும்? ஒன்றுமே நடக்காது. அதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். சீட்டை முன்னே பின்னே நகர்த்து, கிளட்சை முழுசாக மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கிறதா பார், கண்ணாடியைத் திருப்பு, பெல்ட் போடு... இதிலேயே கால் மணி நேரம் போய்விடும். பிறகு வண்டி கிளம்பும். கிளம்பிய உடனே ஆஃப் ஆகும். மறுபடி கிளம்பும், தவளை மாதிரி இரண்டு குதி குதித்துவிட்டு மறுபடி ஆஃப். அன்று மட்டும் 14 தடவை ஆஃப் ஆனதாக மகள் எண்ணிக்கொண்டு வந்தாள். “கிளட்சை மெதுவா விடும்மா, கோழிக்குஞ்சை கீழ விடற மாதிரி” என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். இடது கால் ஆடுசதை வலி என்று ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டாள். இதெல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். ‘நமக்கு வராதோ’ என்று அவர்கள் பயப்படும் நேரத்தில் நாம் சிரித்துவிடக் கூடாது. (நான் சிரித்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை.)

மூன்றாம் நாளில் கியர் பிடிபடும், ஆனால் கண் கியர் மேலேயே இருக்கும். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேயே போகும், அது ஸ்டீரிங்கின் குணம். எதிரே வரும் சைக்கிளையே முறைத்துப் பார்த்தால் கார் சைக்கிள் பக்கமே சாயும். “இடிக்கக் கூடாததைப் பார்க்காத, போக வேண்டிய எடத்தைப் பாரு” என்பது மாஸ்டரின் இரண்டாவது மந்திரம். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் வாக்கில் திடீரென்று எல்லாம் வந்துவிட்ட மாதிரி ஒரு தைரியம் வரும். ஒரு கையை ஜன்னலில் வைப்பார்கள். பாட்டு போடலாமா என்பார்கள். என்னைக் கேட்டால், 14 தடவை ஆஃப் ஆன முதல் நாளைவிட இந்த நாள்களுக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

எங்கள் வீட்டில் அது ஏழாம் நாள் நடந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு கிளட்சும் பிரேக்கும் இருக்கும். சட்டப்படி அந்த இரட்டைக் கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும். அந்தப் பிரேக்கை மாஸ்டர் எத்தனை தடவை நைசாக மிதித்தார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. நன்றாக ஓட்டிவிட்டோம் என்ற நினைப்பில் வீட்டுக்கு வந்து, “அப்பா, நம்ம கார எடுங்க” என்றாள். அவரும் ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரு முனையில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. இவர் “பிரேக்கு... பிரேக்கு!” என்று கத்த, அவள் பதறி மிதித்தது ஆக்சிலேட்டரை. கார் நேராகப் போய்ப் பக்கத்து வீட்டுக் கிளுவை வேலியில் ஏறி நின்றது. ஆட்டுக்குட்டி தப்பியது. இடது பக்க ஹெட்லைட் போனது. யாருக்கும் அடியில்லை.

ஆனால் அவர் தெருவில் நின்று திட்டிய திட்டில் மகளுக்கு அடிபட்டுவிட்டது. சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். மறுநாள் ஹாரன் சத்தம் கேட்டும் எழுந்து வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மாமியார் ஜெயித்த முகத்தோடு வெற்றிலை மடித்தார்.

நான்காம் நாள் மாஸ்டரே வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு, என் கணவரிடம் மெதுவாகத்தான் சொன்னார்: “சார், தப்பு பாப்பா மேல இல்ல. ஆபத்து வர்ற நேரத்துல காதுல சத்தம் விழுந்தா காலு தன்னால அழுத்தும். எந்தப் பெடல்ல கால் இருக்கோ அதை. அதனாலதான் நாங்க கத்த மாட்டோம்.” பிறகு மகளைக் கூப்பிட்டு, நிற்கும் காரில் உட்கார வைத்து, வலது குதிகாலை பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றச் சொன்னார். குதிகால் அங்கேயே இருக்க வேண்டும், பாதம் மட்டும் ஆக்சிலேட்டருக்குத் திரும்பிப் போய் மறுபடி பிரேக்குக்கே வர வேண்டும். என்ஜினை ஆன் பண்ணாமலேயே, கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது தடவை. அன்று சாயங்காலம் அவள் தனியாகக் காரில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய், மண் படிந்திருந்த ‘எல்’ போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மன்னிப்பு கேட்பது அப்படித்தான்.

வீட்டுக் காரில் பழக்குவதாக இருந்தால் சில விஷயங்களை விட்டுவிடக் கூடாது. முன்னாலும் பின்னாலும் வெள்ளைத் தகட்டில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும், தகடு 18 செ.மீ. சதுரம். பக்கத்தில் உட்காருபவரிடம் முறையான ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும், அதுவும் வண்டியை நிறுத்த வசதியான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ‘பின் சீட்டில் மாமா இருந்தார்’ என்பது எடுபடாது. ஹேண்ட் பிரேக் கைக்கு எட்டுகிறதா, அதை இழுத்தால் பிடிக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இந்த விதிகளை மீறியிருக்கும்போது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணம் வருவதிலும் சிக்கல் வரும். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டினால் பாலிசி செல்லும்தான், ஆனால் இந்த விதிகளைப் பின்பற்றியிருந்தால் மட்டுமே.

டிரைவிங் ஸ்கூலில் சேர்க்கிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கார் பழகுவதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வது குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரமாவது பிள்ளை கையில் ஸ்டீரிங். ஒரு காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் இந்தக் கணக்கு வராது. 10 மணி நேரமும் உண்மையில் கொஞ்சம்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 120 மணி நேரம், அதில் 20 மணி நேரம் இரவில், ஓட்டிப் பழகியதைக் கணக்கெழுதிக் காட்ட வேண்டும். கனடாவில் நம் தமிழர்கள் நிறைய இருக்கும் ஒன்டாரியோவில் 16 வயதிலேயே ‘ஜி1’ கொடுத்துவிடுவார்கள். ஆனால் பக்கத்தில் உட்காருபவருக்கு நான்கு வருடமாவது ஓட்டிய அனுபவம் வேண்டும், நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை ஓட்டக் கூடாது.

டெல்டாவில் பழகுவதில் ஒரு சௌகரியமும் ஒரு கஷ்டமும் உண்டு. எங்கும் சமதரை. மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். அதனால் மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கும் வித்தை இங்கே பிள்ளைகளுக்கு வருவதே இல்லை. பாலத்தில் லாரிக்கு நடுவே அதைப் பழக முடியாது. மாஸ்டர் ஒரு வாய்க்கால் கரைச் சரிவைப் பிடித்து வைத்திருந்தார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஹாஃப் கிளட்சில் வண்டி லேசாக நடுங்கும் வரை காத்திருந்து, அப்புறம் பிரேக்கை விடு. இரண்டு காலைகள் இதுவே பாடம்.

கஷ்டம், எங்கள் நெடுஞ்சாலை. காரைக்கால் துறைமுகத்துக்குப் போய் வரும் நிலக்கரி லாரிகள், சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு வரும் வெளியூர் கார்கள், பெட்ரோல் விலை குறைவு என்று எல்லை தாண்டி வரும் வண்டிகள், பொழுது சாய்ந்தால் வாஞ்சூர் மதுக்கடைகளிலிருந்து திரும்பும் பைக்குகள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்திக் கூட்டம் கூட்டமாக நடந்து போகிறவர்கள், பலர் விடியும் முன்பே நடப்பார்கள். குறுவை அறுப்பு தொடங்கினால் ரோட்டிலேயே நெல் காயும். நெல் மேல் டயர் ஏறினால் மணலில் போகிற மாதிரி வழுக்கும், அங்கே திடீர் பிரேக் கூடவே கூடாது. அறுத்த வயலுக்கு வாத்துக் கூட்டம் வந்தால், ஹாரன் அடித்தால் ஒதுங்காது. அடித்தால் இன்னும் கலையும். என்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இருநூறு வாத்து கடந்து போகும் வரை பொறுமையாக உட்கார்ந்திருந்த அன்றுதான் மகளுக்கு டிரைவிங் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். மாஸ்டரோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

போனை மட்டும் பின் சீட்டில் எறிந்துவிடச் சொல்லுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. யார் மெசேஜ் என்று இரண்டே நொடி பார்த்தால், மூன்று பஸ் நீளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக ஆகும். 2022-ல் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. மகளுக்கு எல்.எல்.ஆர்., மாஸ்டர், பெல்ட் என்று இத்தனை பார்த்த நான், பத்தாவது படிக்கும் மகனிடம் ஒரு வருடமாக ஸ்கூட்டி சாவியைக் கொடுத்து, “பட்டினம் வரைக்கும் போய் இட்லி மாவு வாங்கிட்டு வா” என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான். இதைச் சொன்னது மகள்தான். எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படித்தபோது அவள் கண்ணில் பட்டதாம். 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019 திருத்தத்தின்படி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. “16 வயசுல ஓட்டலாம்னு சொல்றாங்களே?” என்று கேட்டேன். அது 50 சி.சி.க்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்கு, உரிமத்தோடு. நம் வீட்டில் நிற்பது 110 சி.சி. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கும் குறைந்த மோட்டார் உள்ள சின்ன எலெக்ட்ரிக் வண்டிக்குத்தான் உரிமம் தேவையில்லை.

மகன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். “அக்கா மட்டும்?” என்றான். மாவு வாங்க இப்போது சைக்கிளில் போகிறான், சில நாள் போகமாட்டேன் என்கிறான். அன்றைக்கு உப்புமாதான்.

மகளுக்கு வியாழக்கிழமை டெஸ்ட். நேற்றுச் சாயங்காலம் அவளே மாமியாரை முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டிவிட்டாள். என் கணவர் பார்த்துவிட்டு, “முன் சீட்டு எனக்கு, சட்டம்” என்றார். அம்மாவைப் பின்னால் அனுப்பிவிட்டு ஏறினார். பட்டினம் கோயில் வரை போய் வந்தார்கள். எப்படி ஓட்டினாள் என்று மாமியாரிடம் கேட்டேன்.

“வண்டி குலுங்கவே இல்ல” என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, “ஒம் புருஷன்தான் வழி பூரா அந்தப் பக்கத்துக் கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தான். ஆனா வாயத் தொறக்கல” என்றார்.