சேமிக்க மறுக்கும் ஒலித்தொகுப்பு

ஒலிநாடா வழங்கிய காலத்தில் ஒலித்தொகுப்பாளரின் அச்சமெல்லாம் நாடா அறுந்துவிடுமோ, பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடுமோ என்பதாகவே இருந்தது. பிளேடும் ஒட்டுநாடாவும் கொண்டு செய்த அப்பணியை இன்று கணினி செய்கின்றது. அச்சமும் அதற்கேற்ப உருமாறிவிட்டது. மூன்று மணி நேரம் அமர்ந்து செப்பனிட்ட பதிவைச் சேமிக்க முனையும்போது, சேமிக்க இயலவில்லை என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றுகின்றது. பதிவிலுள்ளது முதிய அண்ணாவியார் ஒருவர் பாடிய கூத்துப் பாட்டாயின், அவரை மறுபடியும் பாடச் செய்தல் எப்பொழுதும் கைகூடுவதன்று.

இத்தகைய தொல்லைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ஓடாசிற்றி என்னும் மென்பொருள். அமெரிக்காவிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999 ஆம் ஆண்டு டொமினிக் மசோனி, றொஜர் டனன்பேர்க் ஆகிய இருவரும் இதனைத் தொடங்கினர். 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த இது விலையின்றிக் கிடைப்பதாதலின், சிறு ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வீடுகளிலும் பெருவழக்காயிற்று.

முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. சேமிக்கும் கட்டளை தவறினால் ஒலி அழிந்துவிட்டது என்று பொருளன்று. ஒலிவாங்கியின் வழியே வரும் ஒலி, வந்த கணமே வன்தட்டில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதப்பட்டுவிடுகின்றது. சேமித்தல் என்பது அக்கோப்புக்கு நிலையான பெயரும் இடமும் கொடுப்பதாகும். ஆகவே அறிவிப்பைக் கண்டவுடன் பதற்றத்தில் மென்பொருளை மூடி, சேமிக்கவா என்னும் வினாவுக்கு வேண்டாம் என விடையளிப்பவரே பெரும்பாலும் பதிவை இழக்கின்றார். பிழையினும் பதற்றமே கேடு செய்கின்றது எனலாம்.

இனி, சேமிப்பு ஏன் தவறுகின்றது? தலையாய காரணம் இடப்பற்றாக்குறை. வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 4 பைற்று, இடம் வலம் என இரு தடங்கள் எனக் கணக்கிட்டால், ஒரு வினாடி ஒலிக்கு 3,52,800 பைற்று செல்லும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏறத்தாழ 1.27 கிகாபைற்று. இதனோடு நின்றால் கவலையில்லை. ஆனால் இரைச்சலைக் குறைக்கும்படி பதிவு முழுவதற்கும் கட்டளையிட்டால், மென்பொருள் பழைய ஒலியை அழிப்பதில்லை. செய்ததை மீளப்பெற விரும்புவோருக்காக அதனை வைத்துக்கொண்டு, திருத்திய ஒலியைப் புதிதாக எழுதுகின்றது. மற்றுமொரு 1.27 கிகாபைற்று ஏறுகின்றது. ஒலியளவைச் சீர்செய்தால் மீண்டும் அவ்வளவு. மூன்று திருத்தங்கள் முடிந்தவுடன் ஒரு மணி நேரப் பேச்சு 5 கிகாபைற்றைத் தாண்டிவிடும்! பேச்சு சிறியது, கோப்பு ஏன் பெரியது என்று வியப்பவருக்கு விடை இதுவே. திருத்த வரலாற்றுப் பட்டியலிலிருந்து தேவையற்ற பழைய படிகளை நீக்கினால் அவை பிடித்த இடம் விடுபடும்.

இரண்டாவது காரணம் பென்டிரைவின் அமைப்புமுறை. பல பென்டிரைவுகள் ஃபாற் 32 என்னும் பழைய முறையில் அமைந்தவை. அம்முறையில் எவ்வளவு வெற்றிடம் இருப்பினும் தனிக்கோப்பு ஒன்று 4 கிகாபைற்றை மீறுதல் இயலாது. 2021 ஆம் ஆண்டு வெளிவந்த 3 ஆம் பதிப்பு முதல் ஓடாசிற்றி தன் தொகுப்பு முழுவதையும் ஒரே தரவுத்தளக் கோப்பாக வைக்கின்றது. அதனால் இவ்வகைத் தட்டுகளில் தொகுப்பைச் சேமிக்க அது மறுத்துவிடுகின்றது. கணினியின் உள்தட்டில் சேமிப்பதே தக்கது.

அதற்கு முந்திய பதிப்புகளின் தொல்லை வேறு. அவை ஒலியை ஏறக்குறைய ஆறு வினாடித் துண்டுகளாக்கி, ஒரு கோப்புறையில் ஆயிரக்கணக்கிற் குவித்தன. தொகுப்புக் கோப்பு அத்துண்டுகளின் வரிசையை மட்டுமே அறிந்திருந்தது. கோப்பைக் கொண்டுசென்று கோப்புறையை மறந்தவர் வெறும் அட்டவணையையே கொண்டுசென்றவராவர். பழைய தொகுப்புகள் வைத்திருப்போர் இரண்டையும் பெயர்மாற்றாது ஒருங்கே வைத்து, புதிய பதிப்பிலே திறந்து, புதுக்கோப்பாகச் சேமித்துக்கொள்ளுதல் நன்று.

இணையக் களஞ்சியத்துடன் ஒத்தியங்கும் கோப்புறையில் வைத்துத் தொகுப்பதும் ஆபத்தானது. மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும் அதே கோப்பைக் களஞ்சியச் செயலியும் படியெடுக்க முனைந்து, இரண்டும் முட்டிக்கொள்கின்றன. வேலையை முடித்துத் தொகுப்பை மூடிய பின்னர்ப் படியெடுத்து அனுப்பலாம். விண்டோஸ் கணினிகளில், கோப்புறைகளைக் காக்கும் பாதுகாப்பு ஏற்பாடு மென்பொருளை எழுதவிடாது தடுப்பதுமுண்டு. அனுமதிப் பட்டியலிற் சேர்த்தால் அத்தடை நீங்கும். கோப்பின் பெயரில் திகதியைச் சாய்கோடிட்டு எழுதுவதும் ஆகாது.

அறிவிப்புத் தோன்றிவிட்டதாயின் செய்யத்தக்கது இது. மென்பொருளை மூடாமல், வேறு தட்டில் வேறு பெயருடன் சேமிக்க முயலுதல் வேண்டும். அதுவும் பலியாவிடின், தொகுப்பை விடுத்து ஒலியை மட்டும் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். 16 பிற்று அளவில் ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 635 மெகாபைற்றே ஆதலின், மேற்கூறிய பென்டிரைவும் அதனை ஏற்கும். தடங்களும் திருத்த விவரங்களும் போய்விடும், பாட்டு எஞ்சும். மின்சாரம் நின்று கணினி அணைந்துவிட்டாலோ, மறுமுறை திறக்கும்போது மென்பொருள் தானே மீட்புப் பட்டியலைக் காட்டும். அதற்குமுன், தொகுப்புக் கோப்பின் அருகே அதே பெயருடன் வால் போன்ற ஒட்டுப்பெயர் தாங்கி நிற்கும் துணைக்கோப்பைக் குப்பையென எண்ணி நீக்கலாகாது. இறுதியாக எழுதப்பட்ட பகுதி அதனுள்ளேயே இருத்தல் கூடும்.