லாரி சைலன்சரும் வாரண்டி அட்டையும்

கொச்சியில் பிராட்வே ஒரு கடைத்தெரு. அருகே எர்ணாகுளம் மார்க்கெட் உள்ளது. தமிழ்நாட்டுக் காய்கறி லாரிகள் அங்கே வருகின்றன.

கொச்சிக் காற்றில் உப்பு உண்டு. மழையும் அதிகம். இரும்பு சைலன்சர் வெளியே துருப்பிடிக்கும். உள்ளேயும் துருப்பிடிக்கும். எப்படி? டீசல் எரியும்போது நீராவி உண்டாகிறது. வண்டி நின்றதும் அது குளிர்ந்து நீராகிறது. குழாய்க்குள் தங்கி இரும்பை அரிக்கிறது.

லாரிக் கம்பெனியின் சைலன்சர் விலை அதிகம். எனவே பலர் வேறு தயாரிப்பை வாங்கி மாட்டுகிறார்கள். “வாரண்டி உண்டு” என்பார் கடைக்காரர். எதற்கு உண்டு? அட்டையில் பார்க்க வேண்டும். வெல்டிங் விடுவது போன்ற தயாரிப்புக் குறைக்குப் பொதுவாக உண்டு. துரு, கல் அடி, மோதல் இவற்றுக்குப் பெரும்பாலும் கிடையாது. நாமே வெட்டி ஒட்டினாலும் கிடைக்காது.

கடைக்காரர் வாரண்டியை மறுத்தால் என்ன செய்வது? சொந்த லாரியைத் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொச்சியில் வாங்கிய பொருளுக்குச் சொந்த மாவட்டத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

பில்லும் வாரண்டி அட்டையும் அங்கே சாட்சி. எழுத்துக் கூட்டியாவது அட்டையைப் படியுங்கள். பிறகு பணம் கொடுங்கள்.