மருத்துவ சீட் கிடைத்த பிறகு



சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரப் பிள்ளை ஒருவருக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மேடையேற்றிச் சால்வை போர்த்தி, 5,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தோம். எல்லோரும் துஆ செய்தோம். இரண்டாம் ஆண்டில் மெஸ் பாக்கி கட்ட முடியாமல் அவருடைய அத்தா வட்டிக்குப் பணம் வாங்கியிருக்கிறார். செய்தி நமக்கு எட்டியபோது ஓராண்டு ஓடிவிட்டது. வட்டி ஹராம் என்று பயான் கேட்கும் ஊரில், பைத்துல்மால் இருக்கும்போதே இது நடந்தது. குறை அந்தக் குடும்பத்திடம் இல்லை, நம்மிடம்தான். ஆகவே மருத்துவம் படிக்கும் பிள்ளைக்குப் பணம் எப்போது, எதற்குத் தேவைப்படுகிறது என்பதை இங்கே விளக்குகிறோம்.

கட்டணம் எவ்வளவு?

தமிழக அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்குள்தான். 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே 150 இடங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றாலே ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அதைப்போல் பல மடங்கு. வீட்டையோ நிலத்தையோ விற்று அதில் சேர்க்கும் முன் முழுப் படிப்புக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அரசு இடத்தில் குடும்பத்தை வாட்டுவது கல்லூரிக் கட்டணமல்ல, மாதச் செலவு. படிப்பு நாலரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவம். பயிற்சிக் காலத்தில் மாத ஊதியம் வந்துவிடும். அதற்கு முந்தைய 54 மாதங்கள்தான் கஷ்டம். மெஸ், பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து மாதம் 4,000 ரூபாய் என்று வைத்தாலும் 2,16,000 ரூபாய் ஆகிறது. நாம் மேடையில் கொடுத்த 5,000 ரூபாய் இரண்டு மாதத்துக்குக்கூட வந்திருக்காது.

அரசு தருவது என்ன?

2020இல் தமிழக அரசு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. அந்த நவம்பரில் கவுன்சலிங் நடந்தபோது, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில ஏழைப் பிள்ளைகள் பணம் கட்ட வழியில்லாமல் இடத்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த சில நாட்களில், இவ்வொதுக்கீட்டில் சேருவோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. உதவி வராமல் இல்லை, சில நாள் பிந்தி வந்தது. இதை நாம் மறக்கக்கூடாது.

இந்த ஒதுக்கீட்டுக்கு 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும்போதே பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

இது தவிர, 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. ராவுத்தர், மரைக்காயர் உட்பட்ட லெப்பை, தக்னி முஸ்லிம், ஷேக், சையது, அன்சார், மாப்பிள்ளை, தூதேகுலா ஆகியோர் இதில் வருகிறார்கள். சாதிச் சான்றிதழில் அது சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பிற்படுத்தப்பட்டோர் கல்வி உதவித்தொகை பற்றி விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பள்ளிச் சான்றில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மத்' என்று இருந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே திருத்திவிடுங்கள். கவுன்சலிங் வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடுவதால் பயனில்லை.

நம் பணம் எப்போது வருகிறது?

நம்முடையது மானாவாரி பூமி. மிளகாய், மல்லிக் காசு மாசி, பங்குனியில் கைக்கு வரும். இப்போது ரமளானும் அதையொட்டியே வருவதால் ஜகாத்தும் அப்போதுதான் சேருகிறது. பெருநாளுக்குள் அதைக் கொடுத்து முடித்துவிடுகிறோம். கவுன்சலிங்கோ ஆடி, ஆவணியில். அப்போது வீட்டிலும் காசு இருக்காது, பைத்துல்மாலிலும் இருக்காது. அனுமதிக் கடிதம் கையில் இருக்கும், கல்லூரியில் சேர நாலைந்து நாள்தான் அவகாசம் இருக்கும்.

ஜகாத்தை ஆடி வரை பெட்டியில் பூட்டி வைக்கவும் முடியாது. காலம் கடத்தாமல் உரியவரிடம் சேர்ப்பதே முறை. தவ்பா அத்தியாயம் சொல்லும் எட்டு வகையினரில் ஏழை, வறியவர் என்ற வகையில் வரும் மாணவருக்கு ஜகாத் கொடுக்கலாம். ஆனால் அது அவருடைய உடைமையாக வேண்டும். ஆகவே அவர் கையிலோ வங்கிக் கணக்கிலோ சேர்ப்பது பேணுதலானது. சேர்க்கை நேரத்து அவசரத்துக்கு ஸதகாவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் தனி நிதி வேண்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, இந்தியா போன்ற உறுப்பினரல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்காக 1983இல் ஒரு திட்டம் தொடங்கியது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு அது மாணவருக்கு வட்டியில்லாக் கடன். அவர் வேலைக்குப் போனபின் தவணையாகத் திருப்பித் தரும் தொகை அந்நாட்டுச் சமுதாய அறக்கட்டளையில் சேர்ந்து அடுத்த மாணவருக்குப் போகிறது. கர்ழே ஹஸனா என்னும் அழகிய கடன் இப்படித்தான் தலைமுறை தாண்டிப் பயன் தருகிறது.

நம் முடிவுகள்

வரும் கல்வியாண்டு முதல் மேடைப் பரிசுத் தொகையை நிறுத்துகிறோம். சால்வையும் துஆவும் தொடரும். அந்தப் பணத்தைக் கொண்டு சேர்க்கைக் கால அழகிய கடன் நிதியைத் தொடங்குகிறோம். ஜகாத் பெறத் தகுதியுள்ள மாணவருக்கு ரமளானில் ஓராண்டு மெஸ் செலவை அவர் கணக்கிலேயே செலுத்துவோம். ஒவ்வொரு மாணவருக்கும் நிர்வாகி ஒருவர் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறை போன் செய்து விசாரிப்பார். கடன் பெற்றவர் பெயரை எந்த மேடையிலும் எந்த இதழிலும் சொல்ல மாட்டோம்.

பலருக்கும் பிரித்துக் கொடுப்பதே நியாயம் என்று சிலர் சொல்லக்கூடும். பத்துப் பேருக்கு ஐயாயிரம் கொடுத்தால் பத்துப் பேரும் மகிழ்வார்கள், உண்மைதான். ஆனால் பாதியில் நிற்கவிருக்கும் படிப்பு அதனால் நிற்காமல் போகாது.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளையுள்ள பெற்றோர் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வந்து பெயரைப் பதியுங்கள். பக்கத்து வீட்டில் சொல்லக் கூச்சப்படும் குடும்பம் இருந்தால் நீங்களாவது நம் காதில் போடுங்கள். வட்டிக்காரரிடம் போகும் முன் நம்மிடம் வரட்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.