உப்புத் தண்ணி... பாய்லருக்கு எமன்! சாயப்பட்டறைகள் கவனிக்க வேண்டியது என்ன?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் தண்ணீர்க் குடத்தில் வெள்ளையாகப் படிகிற உப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே உப்பு, நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையின் பாய்லருக்குள் படிந்தால் என்ன ஆகும்?

உப்பு என்ன செய்யும்?

போர் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் குழாய்மேல் ஓடு போலப் படியும். இந்தப் படிவு 1 மி.மீ. இருந்தாலே எரிபொருள் செலவு 5 முதல் 8 சதவீதம் கூடலாம். சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்குவதால், குழாய் உப்பி ஒருநாள் கிழியும். அதனால், மென்னீராக்கும் கருவி இல்லாமல் பாய்லரை ஓட்டக் கூடாது.

எந்தப் பாகங்களை மாற்ற வேண்டும்?

* தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி: மங்கினால் உடனே மாற்றுங்கள்.
* சேஃப்டி வால்வு: 'ஒழுகுது' என்று கட்டி வைப்பது உயிரோடு விளையாட்டு. சரிசெய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.
* கேஸ் பர்னரின் எலெக்ட்ரோடு, சென்சார்: கரி பிடித்தால் பர்னர் நின்றுவிடும். ரீசெட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். எரியாத கேஸ் உள்ளே தேங்கி, ஒரே பொறியில் வெடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1923-ம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய பாய்லர் சட்டம் வந்துள்ளது. சட்டத்துக்கு உட்பட்ட பாய்லரை, நடப்புச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டக் கூடாது.

கண்ணாடியில் தண்ணி தெரியலையா?

பதறித் தண்ணி விடாதீங்க! காய்ந்த இரும்பில் விழும் தண்ணீர் நீராவியாகி, சுமார் 1,600 மடங்கு விரியும். முதலில் தீயை நிறுத்துங்கள். தானாக ஆறட்டும். ஒருநாள் வேலை போனால் பிடித்துவிடலாம். பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டரின் உயிர் போனால்?