காதுக்குள் ஓயாத 'ஙொய்ங்...' மனு தள்ளுபடியானால்?

"டாக்டரய்யா, இவன் காதுல வண்டு பூந்த மாதிரி ராப்பகலா சத்தம் கேக்குதாம். ஒரு எண்ணெய் காய்ச்சிக் குடுங்க!"

மகனைக் கையோடு அழைத்து வந்திருந்தார் அந்த அம்மா. மகனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். படிக்க அமெரிக்கா போனவர், அங்கே ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். ஆச்சரியப்படாதீர்கள்! சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டினரை 2009-லிருந்து 2016 வரை ஒரு தனித் திட்டத்தில் அமெரிக்க ராணுவம் சேர்த்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் நம் தமிழும் இருந்தது. இவருக்குக் கிடைத்தது பீரங்கிப் பிரிவு. நாலு வருஷம்.

"எண்ணெய் இருக்கட்டும் தம்பி, சத்தம் எப்போதிருந்து?" என்றேன்.

"சர்வீஸ்ல இருக்கும்போதே சார். நைட்ல ஃபேன் இல்லாம தூங்கவே முடியாது. அங்க கவர்மென்ட்ல நஷ்ட ஈடு கேட்டேன். இல்லைன்னுட்டாங்க. எட்டு மாசம் ஆச்சு, விட்டுட்டேன்."

தள்ளுபடிக் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் மூன்று பேருமாக உட்கார்ந்து படித்தோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகள் நம்மில் எத்தனையோ!

முதலில் வியாதி. நம் உள்காதில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு. அதற்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய மயிர்ச் செல்கள். துப்பாக்கிச் சத்தமே 140 டெசிபலைத் தாண்டும், பீரங்கியைக் கேட்கவே வேண்டாம். அந்த அதிர்ச்சியில் இந்தச் செல்கள் சாய்ந்துவிட்டால் மறுபடி முளைப்பதில்லை. வரவேண்டிய ஒலி வராதபோது மூளை தானாகவே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. எங்கள் சித்த மருத்துவத்தில் காது இரைச்சலை வாதக் கோளாறோடு சேர்த்துப் படித்தோம். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: செத்துப்போன செல்லை உயிர்ப்பிக்கிற எண்ணெய் என்னிடம் இல்லை. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் காதில் எதையும் ஊற்றவும் கூடாது.

இந்த வியாதியின் பெரிய கஷ்டமே, அது வெளியே தெரியாது என்பதுதான். எக்ஸ்ரேயில் வராது. கேட்கும் திறனுக்கான சோதனை சரியாக இருக்கும், இரைச்சலும் இருக்கும். அப்படியானால் சாட்சி யார்? அனுபவிக்கிறவர்தான்! 2002-ல் 'சார்லஸ் எதிர் பிரின்சிபி' என்ற வழக்கில், முன்னாள் வீரர்களுக்கென்றே உள்ள அப்பீல் கோர்ட் இதை ஒப்புக்கொண்டது. காதில் இரைச்சல் இருக்கிறதென்று சொல்ல டாக்டர் பட்டம் தேவையில்லை, வீரர் தாமே சொல்லலாம் என்றது.

பிறகு ஏன் தள்ளுபடி? அங்கே மூன்று விஷயம் நிரூபணமாக வேண்டும். இப்போது வியாதி இருக்கிறது, சர்வீஸில் அதற்கான சம்பவம் நடந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு. இவருடைய கடிதத்தில் ஒரு பகுதி, சாதகமாக ஏற்றுக்கொண்டவை எவை என்று பட்டியல் போட்டிருந்தது. எல்லோரும் இதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் தங்கமான பகுதி அதுதான். அதில் ஏற்றுக்கொண்டதை, வெளிப்படையான தவறு இருந்தாலொழிய, பின்னால் வருகிற அதிகாரி மாற்ற முடியாது. இவருக்கு இரைச்சல் இருப்பதையும், பீரங்கிச் சத்தத்தில் வேலை பார்த்ததையும் ஏற்றிருந்தார்கள். தொடர்பு மட்டும் இல்லையாம்!

காரணத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பரிசோதித்த ஆடியாலஜிஸ்ட் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டதற்கு, "ரெண்டு மூணு வருஷமா இருக்கு, பெரிசா ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சர்வீஸை விட்டு வந்தது அதற்கும் முன்னால்!

"ஏம்ப்பா அப்படிச் சொன்னே?"

"ரொம்ப மோசமானது அப்பத்தான் சார். கம்ப்ளெயின்ட் பண்றவன்னு நினைச்சுடுவாங்கன்னு..."

நம் பிள்ளைகளின் குணமே இது. ஜுரம் நூற்றிமூன்று இருந்தாலும் "பரவாயில்லை" என்பார்கள். ஆரம்பித்தது ஒரு தேதி, அதிகமானது ஒரு தேதி. இரண்டையும் பிரித்துச் சொல்லியிருந்தால் கதையே வேறு.

சரி, இப்போது என்ன வழி? 2019 பிப்ரவரியிலிருந்து அங்கே மூன்று பாதைகள். புதிய ஆதாரம் இருந்தால் துணை மனு, 20-0995 என்ற படிவம். ஆதாரம் அதேதான், அதிகாரி தப்பாக முடிவெடுத்தார் என்றால், மூத்த அதிகாரியின் மறுபரிசீலனை, 20-0996. அதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. மூன்றாவது, அப்பீல் போர்டின் நீதிபதியிடம் போவது, படிவம் 10182. பின்னால் சொன்ன இரண்டுக்கும் ஒரு வருஷம்தான் கெடு. துணை மனுவை எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஒரு வருஷத்துக்குள் போட்டு ஜெயித்தால்தான் பாக்கித் தொகை முதல் மனுவின் தேதிக்குக் கணக்காகும். எட்டு மாசம் பெட்டிக்குள் கிடந்த கடிதத்துக்கு இன்னும் நாலு மாசம் உயிர் இருந்தது!

இவருக்குத் துணை மனுதான் சரி என்று பட்டது. புதிய ஆதாரம்? அவருடைய சொந்த வாக்குமூலம் ஒன்று. எந்த வருஷம், எந்தப் பயிற்சிக்குப் பிறகு, எந்தக் காதில் என்று. 2015-ல் 'ஃபவுன்டன் எதிர் மெக்டொனால்ட்' வழக்கில், ஒலியால் காது நரம்பு பாதிக்கப்பட்டு வரும் இரைச்சலை நாள்பட்ட நரம்பு நோய்களோடு சேர்த்திருக்கிறார்கள். ஆகவே சர்வீஸிலிருந்து விடாமல் தொடர்கிறது என்று காட்டுவதே தொடர்பை நிலைநாட்ட உதவும். அடுத்தது, காது-மூக்கு-தொண்டை டாக்டரோ ஆடியாலஜிஸ்டோ எழுதிய கருத்து. நூற்றுக்கு நூறு நிச்சயம் வேண்டாம், சரிபாதி சாத்தியம் இருந்தாலே போதும். ஆனால் ஏன் என்ற காரணம் எழுதியிருக்க வேண்டும், ஒற்றை வரி எடுபடாது. என் லெட்டர்பேடில் எழுதித் தரவா என்று ஆசைதான். அங்கே அது நிற்காது என்று நானே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது ஆதாரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

"லீவுல வந்தப்போ ஜன்னலை மூடு, ஏதோ சத்தம் கேக்குதுன்னான். ஒண்ணும் கேக்கலையேடான்னேன். ராத்திரி பூரா ரேடியோவை வச்சுக்கிட்டு படுத்திருந்தான்" என்றார் அம்மா.

"எந்த வருஷம்மா?"

"சின்னவ கல்யாணத்துக்கு வந்தப்போ. 2015 தை மாசம்."

அப்போது இவர் இன்னும் சர்வீஸில் இருந்தார்! கூட இருந்தவர்கள் கண்ணால் பார்த்ததை எழுதித் தர 21-10210 என்று படிவம் இருக்கிறது. அம்மா தமிழில் எழுதினார். மகன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தார். பார்த்ததை மட்டும் எழுதுங்கள், பீரங்கியால்தான் வந்தது என்று நீங்கள் முடிவு சொல்ல வேண்டாம் என்றேன். இல்லாததைச் சேர்த்தால் உள்ளதும் கெடும்.

பணம் அப்படிப் பிரமாதமில்லை. ஒரு காதோ இரண்டு காதோ, இரைச்சலுக்கு 10 சதவீதம்தான். 2025-ல் மாதம் சுமார் 175 டாலர். ஆனால் ஊனம் சர்வீஸால் வந்தது என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், அதனால் வரும் தூக்கமின்மை, மனச்சோர்வுக்கும் பின்னால் மனுப் போட வழி திறக்கும். உதவிக்கு அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி. போன்ற வீரர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இருக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. முதல் மனுவைப் போட்டுத் தரவே ஃபீஸ் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தம்பிக்கு நான் சொன்ன வைத்தியம் இவ்வளவுதான்: இங்கே இருக்கும்போதே காது டாக்டரிடம் காட்டி அழுக்கு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொள். படுக்கையில் முழு நிசப்தம் வேண்டாம், ஃபேனோ மெல்லிய பாட்டோ ஓடட்டும். ஒரே காதில் மட்டும் சத்தம், நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம், திடீர்க் காது மந்தம்... இவை இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதே.

கெடு முடிய ஆறு வாரம் இருக்கும்போது மனு போய்ச் சேர்ந்தது. பதில் இன்னும் வரவில்லை. அம்மா மட்டும் போன வாரம் வந்து, "அந்த எண்ணெய்..." என்று ஆரம்பித்தார். தலைக்குத் தேய்க்க ஒன்று கொடுத்தனுப்பினேன்.